ஆன் ஃபிராங்க் வீட்டுக்குப் போகுமுன்

கேள்வி: அம்மாவுடன் ஆம்ஸ்டர்டாம் போகிறேன். யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த வீட்டைப் பார்க்க என்ன ஏற்பாடு தேவை?

பதில்: முதலில் டிக்கெட். இணையத்தில் மட்டுமே விற்கிறார்கள். செவ்வாய்தோறும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான விற்பனையைத் திறப்பார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா? பழைய பகுதியில் படிகள் மிகச் செங்குத்து, லிஃப்ட் கிடையாது.

மறைவிடத்தின் வாசலை மறைத்த புத்தக அலமாரிக்குப் பின்னே உள்ள அறைகளில் சாமான்கள் இல்லையே என்று ஏமாற வேண்டாம். 1944இல் ஒளிந்திருந்தவர்கள் பிடிபட்ட பிறகு எல்லாவற்றையும் நாஜிகள் அள்ளிச் சென்றுவிட்டார்கள். அறைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்பது உயிர்தப்பிய, ஆனின் தந்தை ஓட்டோவின் விருப்பம். சுவர்களை நிதானமாகப் பாருங்கள். ஆன் ஒட்டிய சினிமா நட்சத்திரப் படங்களும், வளரும் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளும் இன்னும் இருக்கின்றன. அந்தக் கோடுகளுக்காகவே போகலாம். படம் எடுக்க அனுமதியில்லை. ஆனின் நாட்குறிப்பை அம்மாவும் முன்பே படித்துவிடட்டும்.