ஓர் உரையும் ஒரு கட்சியும்

அரசியல் தலைவரின் சொல் அவரோடு நின்றுவிடுவதில்லை. அது அவர் சார்ந்த கட்சியின் குரலாகவும் கேட்கப்படுகிறது. இதற்கு இங்கிலாந்து வரலாறு ஒரு சான்று தருகிறது.

1968 ஏப்ரல் 20 அன்று, எதிர்க்கட்சியாக இருந்த பழமைவாதக் கட்சியின் முன்னணித் தலைவர் ஈனாக் பவல் பர்மிங்காம் நகரில் உரையாற்றினார். காமன்வெல்த் நாடுகளிலிருந்து குடியேறிய வெள்ளையரல்லாதாரால் நாடு பேரழிவைச் சந்திக்கும் என்னும் அச்சத்தை அவ்வுரை விதைத்தது. மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத், பவலைத் தம் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். ஆனால், இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலை ஆதரித்து நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர். வெறுப்புக்கும் வாக்கு உண்டு என்பது வெளிப்பட்டது.

1970இல் ஹீத் பிரதமரானார். அவரது அரசு கொண்டுவந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்றத்தை மேலும் கட்டுப்படுத்தியது. எனினும், 1972இல் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீன் ஆசிய மக்களை வெளியேற்றியபோது, பவல் எதிர்த்தும் அவ்வரசு 27,000க்கும் மேற்பட்டோருக்குப் புகலிடம் அளித்தது.

இனவெறுப்பைப் பேசியவரை நீக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அப்பேச்சு எழுப்பிய அச்சத்தை எதிர்கொள்ளவோ ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு கட்சியின் அறம், அது யாரை விலக்குகிறது என்பதால் மட்டுமன்றி, யாருக்குக் கதவைத் திறக்கிறது என்பதாலும் அளக்கப்படும்.