பெரியவர்கள் எங்கே உட்கார வேண்டும்?

கேள்வி: நிலக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 14 முதல் 20 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்து ஓர் இளையோர் மன்றம் தொடங்கினோம். ஊரில் மூன்று பெரியவர்கள் துணைக்கு வருகிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் கூட்டம் முழுக்க அவர்களே பேசுகிறார்கள். ஆகஸ்ட் 15 வந்தால் நாற்காலி போடவும் தண்ணீர் கொடுக்கவும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். இவர்களை விலக்கிவிட்டு நாங்களே நடத்தலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: விலக்காதீர்கள். அவர்கள் இல்லாமல் ஆகாத வேலைகள் சில இருக்கின்றன. அந்த வேலைகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தண்ணீர் கொடுக்கும் அந்த ஆகஸ்ட் 15 கிராம சபை நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவையும் அப்படித்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபையின் உறுப்பினர். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள் வரும் வழியில் தெருவிளக்கு எரியவில்லை என்று பதினைந்து வயதுப் பெண் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், அதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஓட்டுள்ள ஒருவர் எழுந்திருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்க்க வேண்டும். பிறகு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு இரண்டு முறையாவது அலைய வேண்டும். பெரியவர்கள் அதற்குத்தான் வேண்டும். எதைக் கேட்பது என்று முடிவு செய்வது உங்கள் வேலை.

கூட்டத்தை நடத்தும் விதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் ஜான் வளர்த்தெடுத்த குழந்தைகள் பாராளுமன்றம் அது. சுமார் 30 வீடுகளுக்கு ஒரு மன்றம். சிறு குழு என்பதால் வாய் திறக்காமல் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. சுகாதாரம், கல்வி என்று ஒவ்வொரு துறைக்கும் பிள்ளைகளிலேயே ஓர் அமைச்சர். இந்த மன்றங்கள் பின்னாளில் எடுத்துக்கொண்ட ஒரு முறையை நீங்களும் அப்படியே பின்பற்றலாம். நெதர்லாந்தில் கீஸ் பூக்கே 1926இல் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து முடிவெடுத்த வழக்கத்திலிருந்து கிளைத்து வந்த முறை அது.

எல்லோரும் ஜமுக்காளத்தில் வட்டமாக உட்காருங்கள், பெரியவர்களும்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு வேண்டுமானால் ஸ்டூல் போடுங்கள், ஆனால் அதுவும் வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு விஷயத்தை எடுத்தால் வரிசையாக ஒவ்வொருவரும் ஒருமுறை பேச வேண்டும். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் வரக்கூடாது. வயதில் சின்னவர் முதலில், பெரியவர்கள் கடைசியில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒரு கருத்தைச் சொன்ன பிறகு "இல்லைங்கய்யா" என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு நா எழாது. கைதூக்கி எண்ணவும் வேண்டாம். காரணத்தோடு யாராவது மறுக்கிறார்களா என்று கேளுங்கள். மறுப்பு இருந்தால் அதற்கு ஏற்றபடி தீர்மானத்தைத் திருத்துங்கள். தலைவர் தேர்வுக்கும் வேட்பாளர் வேண்டாம். யார் வரலாம், ஏன் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். "அவளுக்குக் கணக்கு நல்லா வரும்" என்று நாலு பேர் சொல்லக் கேட்டால் கூச்சப்படும் பெண்ணும் பொறுப்பை ஏற்றுக்கொள்வாள்.

கூட்ட நேரத்தையும் நீங்களே குறியுங்கள். பூத்தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன்பே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். மில்லுக்குப் போகும் பெண்களுக்கு ஷிப்ட் உண்டு. பெரியவர்களுக்குத் தோதான ஞாயிறு காலையில் கூட்டம் வைத்தால் இவர்கள் யாரும் வர மாட்டார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம், எந்தத் தேதி, என்ன பதில் என்று நான்கு கட்டம். ஒவ்வொரு கூட்டமும் அந்த நான்காவது கட்டத்தைப் படிப்பதில் தொடங்கட்டும். அது காலியாக இருந்தால் துணைக்கு வரும் பெரியவர் ஊராட்சிச் செயலரைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். "முடியாது" என்ற பதில் வந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள். கேட்டதற்குப் பதிலே வராத மன்றத்துக்குப் பிள்ளைகள் மூன்றாவது மாதம் வர மாட்டார்கள்.

யூனிசெஃப் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் சிறார் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது கீழிருந்து இரண்டாம் படி. அது பங்கேற்பிலேயே சேராது என்பது அவர் முடிவு. நாற்காலி போடுவதில் தவறில்லை, பெரியவர்களும் கூடவே போடட்டும். ஆனால் அன்றைய கிராம சபையில் உங்கள் மனுவும் படிக்கப்பட வேண்டும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மன்றத்தில் நம்பிக்கை வளர்ந்தால் ரகசியங்களும் வரும். பதினாறு வயதுத் தோழிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றோ, ஒருவன் வீட்டில் அடி வாங்குகிறான் என்றோ யாராவது சொல்வார்கள். அதை வட்டத்தில் வைத்து விவாதிக்காதீர்கள், நோட்டிலும் எழுதாதீர்கள். பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. துணைக்கு வருபவர்களில் ஒரு பெண்ணையாவது இதற்கென்று பொறுப்பாக வைத்து, அவர் மூலம் அன்றே சிறார் உதவி எண் 1098க்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் மூன்று பெரியவர்களில் பெண் யாரும் இல்லையென்றால், அடுத்த கூட்டத்துக்கு முன்பே அங்கன்வாடி ஆசிரியரையோ கிராமச் செவிலியரையோ போய்க் கேளுங்கள்.