நகமும் நரம்பும்

பிரிக்க முடியாத உறவை ‘நகமும் சதையும் போல’ என்று சொல்வது நம் வழக்கம். வீணை பயில்வோருக்கு இது வெறும் உவமையாக நின்றுவிடுவதில்லை. தந்தியை முதலில் தொடுவது சதையா நகமா, கடைசியாக விட்டு விலகுவது எது என்பதில்தான் ஒருவருடைய நாதம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. “நகத்தை எவ்வளவு வளர்க்க வேண்டும்?” என்று தோழியர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. ஒற்றை வரியில் விடை சொல்லிப் பார்த்தேன். அது ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு விதமாகப் பொருந்தாமல் போயிற்று. ஆகவே சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

வீணையை அருகிலிருந்து பார்த்திராதவர்களுக்காக முதலில் சில சொற்கள். நம் தஞ்சாவூர் வீணையில் ஏழு தந்திகள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுகளின் மேலே செல்வன. மற்ற மூன்றும் பக்கவாட்டில் நின்று சுருதிக்கும் தாளத்துக்கும் துணை செய்வன. மெழுகில் பதித்த மெட்டுகள் 24. இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியை மெட்டின்மேல் அழுத்த, வலக்கையின் அதே இரு விரல்கள் மேலிருந்து மீட்டும். வலக்கைச் சுண்டுவிரல் பக்கத் தந்திகளைக் கீழிருந்து மேலாகத் தெறிக்கும். ஆக, நகத்தைப் பொறுத்தவரை ஒரே ஆளின் இரு கைகளும் எதிரெதிர்க் கட்சிகள்.

இடக்கையைப் பற்றி வாதத்துக்கே இடமில்லை. அங்கே நகம் ஆகாது. கமகம் பிடிக்கும்போது ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த சுரத்தையும் அதற்கடுத்த சுரத்தையும் வரவழைக்கிறோம். எஃகுத் தந்தி அப்போது விரல் நுனியை நன்றாக அறுக்கும். நகம் சற்று நீண்டிருந்தால் விரல் நிமிர்ந்து நிற்க முடியாமல் படுத்துவிடும். இழுக்கும் வேகத்தில் தந்தி நகத்துக்கும் சதைக்கும் நடுவே புகுந்துகொள்ளும். அந்த வலியை ஒருமுறை பட்டவர் மறக்கமாட்டார். அடுத்த தந்தியில் நகம் உரசி எழும் ‘சர்’ என்னும் ஓசை வேறு. நான் கைக்கொள்ளும் சோதனை எளியது. மேசைமேல் விரல் நுனியைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்று நகம் பேசினால் வெட்டவேண்டிய நாள் வந்துவிட்டது.

அதற்காக ஒட்ட வெட்டிவிடுவதும் பிழை. நகத்தின் அடியில் மூடிக்கிடந்த மெல்லிய தோல் வெளிப்பட்டால் ஒரு வர்ணம் முடிவதற்குள் விரல் துடிக்கத் தொடங்கும். ஓரங்களைத் தோண்டி வெட்டினால் நகச்சுற்று வரவும் கூடும். நுனியில் ஏற்படும் காய்ப்பைப் பலர் அழகுக் குறைவு என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். மாதக்கணக்கில் உழைத்துத் தேடிய செல்வத்தை வீதியில் கொட்டுவதற்கு அது சமம்! தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சிறு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு இடக்கை விரல்களை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் தந்தியில் விரல் வழுக்கிச் செல்லும். பாத்திரம் துலக்கிய கையோடு வீணையில் அமரக்கூடாது. நீரில் ஊறிய தோல் எளிதில் வெட்டுப்படும்.

வலக்கைதான் ஆராய்ச்சிக்கு உரியது. மெல்லிய, கடினமான முனையால் தந்தியைத் தெறித்தால் அடிப்படைச் சுரத்துடன் உயர்ந்த மேற்சுரங்கள் மிகுதியாக எழும். அகன்ற, மென்மையான பொருளால் தெறித்தால் அந்த உயர்ந்த மேற்சுரங்கள் அடங்கிவிடும். இது பௌதிக மாணவர் அறிந்த செய்தி. நகம் கடினம், சதை மென்மை. சதையால் மட்டும் மீட்டினால் ஒலி இனியது, ஆனால் சிறியது. நகத்தால் மட்டும் மீட்டினால் ஒலி பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒவ்வொரு மீட்டின் தலையிலும் ஓர் உலோகச் சத்தம் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் சதை தொட்டு, அப்படியே சரிந்து, நகத்தின் விளிம்பால் தந்தியை விடுவிப்பதே என் காதுக்கு நிறைவாக இருக்கிறது. உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சதைக்கு மேலே நகம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. விரல் நுனி பருத்தவர்களுக்கு இன்னும் சிறிது வேண்டியிருக்கும். அதற்கு மேல் வளர்ந்தால் நகம் தந்தியில் கொக்கிபோல் மாட்டும், மீட்டு ஒரு கணம் பிந்தும். துரித காலத்தில் அந்த ஒரு கணம் போதும், கை தாளத்தை விட்டு விலக. சுண்டுவிரலில் நகத்தின் புறம்தான் தந்தியில் படுகிறது. ஆதலால் அது சற்று நீண்டிருந்தாலும் குற்றமில்லை.

இந்த அளவுக் கணக்கெல்லாம் எனக்குப் புத்தி வந்த பிறகு போட்டது. முத்தமிழ் விழாவில் வாசிக்க இருந்த ஆண்டு, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அடிகுழாயில் தண்ணீர் அடிக்கும்போது வலக்கை நடுவிரல் நகம் பாதியில் ஒடிந்தது. சுட்டுவிரல் நகம் நலமாகத்தான் இருந்தது. தானம் வாசித்துப் பார்த்தேன். ஒரு மீட்டு கணீரென்றும் அடுத்த மீட்டு பஞ்சில் அடித்தாற்போலவும் விழுந்தன. நொண்டி நடப்பதுபோல் இருந்தது. டீச்சரம்மாவிடம் ஓடினேன். அவர்கள் கேட்டுவிட்டு, பிளேடை எடுத்து என் முன் வைத்தார்கள்.

“அந்த இன்னொண்ணையும் வெட்டிடு, கண்ணு.”

“இருக்கிற ஒண்ணும் போயிடுமே, டீச்சர்!”

“போகட்டும். ரெண்டும் ஒண்ணாப் பேசணும். சின்னதாப் பேசினாலும் சரி.”

அழுதுகொண்டே வெட்டினேன். ஒலி பாதியாகக் குறைந்தது, ஆனால் சமமாயிற்று. விழாவன்று ஒலிபெருக்கியை வீணைக்கு ஒரு சாண் அருகே நகர்த்தி வைக்கச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டதாகவே பிறகு அறிந்தேன். நகத்தின் நீளத்தைவிட இரு நகங்களின் ஒப்புமை முக்கியம் என்பதை நான் கற்றது அன்றுதான். இன்றும் ஒன்று உடைந்தால் மற்றதையும் அதன் அளவுக்குத் தேய்த்துவிடுகிறேன்.

உடைந்த நகம் திரும்ப வர எத்தனை நாள்? நகம் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது வேரிலிருந்து வளர்ந்து முன்னே தள்ளப்படுகிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது நாளுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளரும். நடுவிரலில் சற்று விரைவு, சுண்டுவிரலில் சற்று மந்தம். 2 மில்லிமீட்டர் ஒடிந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்று பொருள். நீரில் ஊறி ஊறி உலரும் நகம் அடுக்கடுக்காகப் பிளந்து விரைவில் உடையும் தன்மையைப் பெறுகிறது.

இங்கேதான் நம்மைப் போன்றவர்களின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கிணற்றடியும் சோப்புத் தண்ணீரும் நாள்தோறும் காணும் கையில் நகம் எப்படி நிற்கும்? என்னோடு பயிலும் தோழி ஒருத்தி விடுமுறை நாட்களில் நடவுக்குப் போகிறவள். “உன் கை வீணைக்கு ஆகாது” என்று யாரோ சொல்லிவிட்டதால் ஓராண்டு வீணையைத் தொடாமலே இருந்தாள். குறை கையில் இல்லை, சொன்னவரின் அறிவில் இருந்தது! எஃகுக் கம்பியை வளைத்து விரலில் மாட்டிக்கொள்ளும்படி செய்த செயற்கை நகம் வாத்தியக் கடைகளில் கிடைக்கிறது. வடக்கே சிதார் வாசிப்போர் அணியும் மிஸ்ராபும் இத்தகையதே. இதைக் கம்பி நகம் என்று இங்கே குறிக்கிறேன். விரலுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் இரத்தம் கட்டும் அளவுக்கு அல்ல. தளர்ந்தால் கலகலக்கும். முனை மிக நீண்டால் நீண்ட நகத்தின் குற்றங்கள் அனைத்தும் இதற்கும் உண்டு. தோழி அதை அணிந்து இப்போது வர்ணங்களைத் தடையின்றி வாசிக்கிறாள்.

கம்பி நகத்தை இளக்காரமாகப் பேசுவோர் வீணை தனம்மாளைச் சான்று காட்டுவது வழக்கம். 1867 முதல் 1938 வரை வாழ்ந்த அந்த மாமேதை கம்பி நகம் அணியாமலே மீட்டினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வாசிப்பைச் சென்னையில் அவர் வீட்டிலேயே, வெள்ளிக்கிழமை மாலைகளில், ஒரு சிறு கூட்டம் மூச்சடக்கி அமர்ந்து கேட்டது. அந்த மென்மைக்கு அந்த அறை இடம் கொடுத்தது. ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தில் வாசிப்பவர் வேறு வழி தேடினால் அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். விரலா கருவியா என்பதைவிட, விரல் என்ன செய்தது என்பதே பழங்காலந்தொட்டுப் பேசப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழின் இசைக்கரணங்கள் எட்டு கூறப்படுகின்றன. அவற்றுள் வார்தல் என்பதைச் சுட்டுவிரலின் தொழில் என்று உரைகாரர் வகுத்தனர்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதைகள் இருவர் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்தனர். பெர்னாண்டோ சோர் நகமின்றிச் சதையால் வாசித்தார். தியோனிசியோ அகுவாதோ நகத்தால் வாசித்தார். கருத்தில் எதிரிகளாயினும் பழக்கத்தில் அவர்கள் உற்ற தோழர்கள். இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்று சோர் ஓர் இசைப்படைப்பே இயற்றி, ‘இரு நண்பர்கள்’ என்று பெயரிட்டார். பின்னாளில் பிரான்சிஸ்கோ தாரேகா தம் இறுதி ஆண்டுகளில் நகத்தை விட்டுச் சதைக்கு மாறினார். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த செகோவியா நகத்தையும் சதையையும் சேர்த்தே பயன்படுத்தி உலகப் புகழ் பெற்றார்.

நம் வடநாட்டுச் சரோடில் நிலைமை தலைகீழ். அதன் உலோகப் பலகையில் மெட்டுகளே இல்லை. அம்ஜத் அலி கான் போன்றோர் இடக்கை நகத்தின் விளிம்பால் தந்தியை அழுத்தி வாசிக்கின்றனர். இடக்கையில் நகமே ஆகாது என்று வீணையில் சொன்ன நாம் அங்கே வாய் திறக்க முடியாது. சாரங்கியிலோ நகத்தின் அடிப்பக்கமும் அதை ஒட்டிய தோலும் பக்கவாட்டில் தந்தியைத் தொடுகின்றன. வயலினுக்கு நம் இடக்கை விதியே பொருந்தும். கோட்டுவாத்தியம் வாசிப்போருக்கு இடக்கையில் உருட்டுக்கட்டை இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பராமரிப்பைப் பற்றிச் சிறிது. வலக்கை நகத்தை நான் வெட்டுவதில்லை. நைஸ் உப்புத்தாளால் விரல் நுனியின் வளைவை ஒட்டி ஒரே திசையில் தேய்க்கிறேன். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் சாரணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரவில் ஒரு துளி எண்ணெய் தடவினால் பிளவு குறைகிறது. இடக்கைக்கு மட்டும் வாரம் ஒருமுறை நகவெட்டி. வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டக்கூடாது என்பது எங்கள் பாட்டியின் கட்டளை. வகுப்போ வெள்ளி மாலையில். ஆதலால் வியாழக்கிழமை கல்லூரி விட்டு வந்ததும் பொழுது சாய்வதற்குள் திண்ணையில் அமர்ந்து வெட்டிவிடுகிறேன். தேய்ப்பது வெட்டுவதாகாது என்று பாட்டியிடம் வாதாடி, உப்புத்தாளுக்கு மட்டும் எல்லா நாளும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.