சேமிப்பு வலையமைப்பில் முன்னுரிமை: யாருக்கு முதலில் வழிவிடுவது?

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தை எடுத்துக்கொள்வோம். அன்று பாடப்பதிவு நாள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே வேளையில் பதிவுச் சேவையகத்தை நாடுகிறார்கள். முந்தைய இரவு முடியாத காப்புநகல் வேலையை இன்னொரு சேவையகம் தொடர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே வட்டுத்தொகுதியிலிருந்துதான் தரவைப் படிக்கின்றன. காப்புநகல் ஒரு மணி நேரம் தாமதமானால் எவரும் கவனிக்கப்போவதில்லை. பாடப்பதிவு தாமதமானாலோ, வேண்டிய பாடத்தில் இடம் கிடைக்காமல் ஒரு மாணவரின் பருவமே தடுமாறக்கூடும். இந்த வேறுபாடு வலையமைப்புக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

நெரிசல் எப்படி உண்டாகிறது?

சேவையகங்களையும் வட்டுத்தொகுதிகளையும் இணைக்கப் பெரிய நிறுவனங்கள் பல 'ஃபைபர் சேனல்' முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் தரவு 'ஃபிரேம்' எனும் சிறு பொதிகளாகச் செல்லும். ஒரு ஃபிரேம் அதிகம் போனால் 2112 பைட் தரவைச் சுமக்கும். சாதாரண ஈதர்நெட்டில் வரிசை நிரம்பினால் பொதி கைவிடப்படும். பிறகு மீண்டும் அனுப்பப்படும். ஃபைபர் சேனல் அப்படிக் கைவிடுவதைத் தவிர்க்கும் வகையில் அமைந்தது. பெறுபவர் 'கிரெடிட்' எனும் அனுமதிச் சீட்டுகளை முன்கூட்டியே தருகிறார். ஒரு ஃபிரேமை அனுப்ப ஒரு சீட்டு செலவாகும். பெறுபவரிடம் இடம் காலியானதும் சீட்டு திரும்பி வரும். சீட்டு இல்லையென்றால் அனுப்புபவர் காத்திருக்க வேண்டும்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. காப்புநகல் சேவையகத்தின் இணைப்பு 8 கிகாபிட், வட்டுத்தொகுதியின் இணைப்பு 32 கிகாபிட் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட தரவு வேகமாக வந்து சேரும். ஆனால் மெதுவாகத்தான் உள்ளே போகும். மீதம் சுவிட்சில் தேங்கும். சுவிட்ச் நிரம்பியதும் அதுவும் தனக்குப் பின்னால் இருப்பவருக்குச் சீட்டுத் தராமல் நிறுத்திவிடும். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் குறுகிய வழியில் தேங்கிய வாகன வரிசை, நெடுஞ்சாலை வரை நீண்டு, நேரே செல்ல வேண்டியவர்களையும் மறிப்பது போன்றது இது. பாவம், எந்தத் தவறும் செய்யாத பதிவுச் சேவையகமும் நின்றுவிடுகிறது.

தடங்களைப் பிரித்தல்

ஆகவே முக்கியமானவரை உயர்த்துவது மட்டும் போதாது. மெதுவானவரைத் தனித் தடத்துக்கு அனுப்ப வேண்டும். புரோகேட் சுவிட்ச்களில் இதற்கு வழி உண்டு. சுவிட்ச்களை இணைக்கும் ஒரே கம்பிக்குள் பல மெய்நிகர்த் தடங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டுக் கணக்கு. உயர் முன்னுரிமைக்கு 5 தடங்கள், நடுத்தரத்துக்கு 4, தாழ்வுக்கு 2. எந்தச் சேவையகம் எந்த வட்டுத்தொகுதியுடன் பேசலாம் என்று வரையறுக்கும் 'சோன்' பெயரின் முன்னொட்டே முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது. முன்னொட்டு இல்லையேல் நடுத்தரம்.

நெரிசல் இல்லாத நேரத்தில் தாழ்ந்த வகுப்பினரும் கம்பியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். போட்டி எழும்போதுதான் பங்கீடு செயலுக்கு வரும்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

முதலில் அளந்து பார்க்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு துறை எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைச் சுவிட்சே எண்ணி வைத்திருக்கும். அந்த எண் கூடும் இடத்திலிருந்து தேடினால் காரணகர்த்தா அகப்படுவார்.

இரண்டாவதாக, காப்புநகல், சோதனை ஆகிய வேலைகளைத் தாழ்ந்த வகுப்பில் வையுங்கள். உயர் வகுப்பில் மிகச் சிலரே இருக்கட்டும். எல்லாரும் முதல் வரிசையில் உட்கார்ந்தால் முதல் வரிசை என்று ஒன்று இராது.

மூன்றாவதாக, வட்டுத்தொகுதியையும் மறக்கலாகாது. வட்டுகளே திணறும்போது பாதையைச் சீர்செய்து பயனில்லை. ஒவ்வொரு சேவையகமும் நொடிக்கு எத்தனை முறை படிக்கலாம், எழுதலாம் என்று வரம்பிடும் வசதி பல தொகுதிகளில் உண்டு.

ஐஸ்கஸி முறையில் சேமிப்புத் தரவு ஈதர்நெட்டிலேயே பயணிக்கிறது. அங்கும் 3 பிட்களால் 8 முன்னுரிமை வகுப்புகளைக் குறிக்கலாம். ஆனால் வழியிலுள்ள எல்லாச் சுவிட்ச்களும் அக்குறியை மதிக்கும்படி அமைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அவ்விடத்தில் முன்னுரிமை மறைந்துபோகும்.

சுவிட்ச் இட்ட கட்டளையை நிறைவேற்றும். எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. எந்தச் சேவை நின்றால் யார் பாதிக்கப்படுவார் என்று துறைதோறும் கேட்டறிந்து பட்டியலிடுவதே பொறியாளரின் முதல் வேலை. நாளை இத்துறையில் கால்பதிக்கவிருக்கும் நம் மாணவர்கள், கருவியின் கையேட்டைத் திறக்கும் முன் அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பழகுவார்களாக.