மேடை விளக்கில் கறுப்பு வெள்ளைப் படம்

டிசம்பர் வந்தால் புனேவாசிகளுக்கு ஸவாய் கந்தர்வ விழா நினைவு வந்துவிடும். தம் குருநாதரின் நினைவாகப் பண்டிட் பீம்சேன் ஜோஷி 1953-ல் தொடங்கிய விழா அது. பல ஆண்டுகள் அது நடந்துவந்த ரமணபாக் பள்ளி மைதானத்தில், பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் நான் பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பழகினேன். பாடுகிறவர் கண்ணை மூடியிருக்கும்போது பிளாஷ் அடிப்பது அபசாரம். இன்றும் பிலிமில் எடுத்துப் பார்க்க ஆசைப்படும் சங்க நண்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

மேடை வெளிச்சத்தில் 400 வேகமுள்ள பிலிமை (இல்போர்டு எச்.பி.5 பிளஸ், கோடக் ட்ரை-எக்ஸ் போன்றவை) போட்டு, லென்ஸை 2.8-க்குத் திறந்தால், மீட்டர் பெரும்பாலும் 1/30 நொடி காட்டும். தான் பாடும்போது வீசும் கை அதில் கலங்கிவிடும். எனவே மீட்டரில் 1600 என்று வைக்கிறோம்; 1/125 கிடைக்கிறது. பிலிமில் விழும் வெளிச்சம் கால் பங்காகிறது. அந்தக் குறையை, டெவலப் செய்யும் நேரத்தை நீட்டிச் சரிக்கட்டுவதற்குத்தான் 'புஷ்' என்று பெயர். எச்.பி.5 பிளஸ்ஸை நீர் கலக்காத ஐ.டி.-11 டெவலப்பரில், 20 டிகிரியில், 400-க்கு ஏழரை நிமிடமும் 1600-க்கு 14 நிமிடமும் வைக்கவேண்டும். ரோல் முழுவதையும் ஒரே வேகத்தில் எடுத்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சரிக்கட்டுவது என்றேனே, அது பாதிதான் உண்மை. ஒளி பட்ட வெள்ளி உப்புதான் டெவலப்பரில் கறுக்கும். ஒளி படாத இடத்தில் எத்தனை நிமிடம் ஊறினாலும் மூட்டம் ஏறுமே தவிர உருவம் வராது. டெல்டா 3200 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதன் உண்மையான வேகமும் சுமார் 1000-தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே ஒரு கர்நாடகக் கச்சேரியில் பாடகரின் முகத்தை அளந்து இரண்டு ரோல் எடுத்தேன். கடம் வாசித்த பெரியவர் சற்றுப் பின்னால், நிழலில் இருந்தார். முதல் நெகடிவில் அவர் முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டாவது ரோலை 18 நிமிடம் வைத்தேன். பாடகரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது, பெரியவர் வரவேயில்லை. "நான் வாசிக்கிற மாதிரி வீட்டில் ஒரு படம்கூட இல்லை, ஒரு பிரதி கொடுங்கோ" என்று அவர் கேட்டிருந்தார். விரல்களும் கடத்தின் விளிம்பும் மட்டும் தெரிந்த படத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன் பிறகு, மேடை முழுவதையும் சேர்த்து அளப்பதை விட்டேன். கறுப்புத் திரை மீட்டரை ஏமாற்றிவிடும். முதலில் பாடகரின் முகம், பிறகு நிழலில் இருப்பவரின் முகம் என்று தனித்தனியே அளக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் போனால், 1600-ல் பின்னவர் மறைந்துபோவார் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது 800-க்கு இறங்கி, 1/60-ல், கை அசையாத கணத்துக்குக் காத்திருக்கவேண்டும். தாளம் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. கோர்வை முடிந்து சமத்தில் விழுந்ததும் கை ஒரு கணம் நிற்கும். பக்கவாத்தியக்காரரும் தலையை நிமிர்த்திப் பாடகரைப் பார்ப்பார். அந்த நிமிர்வில் அவர் முகத்திலும் கொஞ்சம் விளக்கு வெளிச்சம் விழும்.