ஒன்பது மணிக்குப் போய்ப் பார்

திருமுக்கூடல்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கிண்டியில் எம்.இ. கிடைத்த செய்தி கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ஹாஸ்டல் வேண்டாம், இரண்டு தோழிகளோடு வெளியே வீடு எடுக்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "பழைய சீவரத்தில் ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம், வீட்டிலிருந்தே போய் வரட்டும்" என்கிறான். அவன் என் தம்பி, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். போக வர ஐந்து மணி நேரம். ராத்திரி ஸ்டேஷனில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடுகிற ரோட்டில் வீடு வந்து சேர வேண்டும். அதுதான் ஆபத்து என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் உன் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை அவன் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் அதில் எனக்குப் பட்டது வேறு. மதில் சுவரும் கேட்டும் வாட்ச்மேனும் இருக்கிற இடத்தில்தான் அது நடந்தது. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, புகார் கொடுத்தாள். 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறைப்பே கிடையாது என்று தீர்ப்பாயிற்று. அதனால் "கேட் இருக்கு, கேமரா இருக்கு" என்று புரோக்கர் சொன்னதும் மனசு ஆறிவிடாதே.

நான் வாடகைக்கு இருந்த கதை உனக்குத் தெரியாது. 1986இல் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் காஞ்சிபுரத்தில் ஓர் அறை எடுத்தேன். சுத்தமான வீடு, வாடகையும் குறைவு, சத்தமே கிடையாது. பகலில் போய்ப் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சாயங்கால டூட்டி முடிந்து முதல் நாள் ராத்திரி வரும்போதுதான் தெரிந்தது, அந்தச் சந்தில் ஒரு பக்கம் முழுக்கக் குடோன் சுவர். மறு பக்கம் நாலு வீடு, நாலும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறவர்கள். லைட் கம்பம் இருந்தது, லைட் எரியவில்லை. மூன்றாவது வாரம் சைக்கிளில் ஒருத்தன் பின்னாலேயே வர ஆரம்பித்தான். பேச மாட்டான், தொட மாட்டான். பெடல் மிதிக்கிற சத்தம் மட்டும் வரும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ ஏம்மா ராத்திரியில வரே?" என்றார். அந்த மாதமே காலி செய்தேன். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது, எழுதி வாங்காதது என் தப்பு.

அடுத்து பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகளுக்கு நடுவே ஒரு மாடி அறை. ராத்திரி வெகுநேரம் வரை தறிச் சத்தம். முதல் பத்து நாள் தூக்கமே இல்லை. ஆனால் தெருமுனை திரும்பும்போதே திண்ணையில் இருக்கிற கிழவி "நர்சம்மா, இன்னிக்கு லேட்டா?" என்பாள். ஒரு நாள் நைட் டூட்டிக்கு மாறிப் போனதைச் சொல்லாமல் விட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிட்டார், என்ன ஆயிற்று என்று பார்க்க. நாலு வருஷம் அங்கே இருந்தேன். இன்றைக்கும் சத்தமில்லாத தெருவைக் கண்டால் எனக்கு ஆகாது.

அதனால் முதலில் வீட்டைப் பார்க்காதே, தெருவைப் பார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பார். பஸ் ஸ்டாப்பிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ, தோளில் பையை மாட்டிக்கொண்டு, நீ தினமும் வரப்போகிற வழியிலேயே நட. எத்தனை கடை திறந்திருக்கிறது, எந்த இடத்தில் லைட் இல்லை, காலி மனை எங்கே, டாஸ்மாக் எந்தத் திருப்பத்தில் என்று எண்ணிக்கொண்டே நட. கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கிறதே என்பாய். அந்த ஸ்டேஷன்கள் பெரிய பெரிய கட்டடம். கூட்டமில்லாத நேரத்தில் அந்தப் படிக்கட்டில் தனியாக இறங்குவது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய். அதேபோல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கும் ஒரு தடவை போ. கடைகள் மூடி, ஊர் தூங்குகிற அந்த நேரமும் ஒரு ராத்திரிதான்.

புரோக்கரிடம் தெருவைப் பற்றிக் கேட்காதே. மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பார்களே, அவர்களிடம் கேள். எந்த வீட்டில் வாடகைக்காரர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை, எந்த மாடியில் ராத்திரி குடித்துவிட்டுக் கத்துகிறார்கள், எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடு. பிறகு மெடிக்கல் ஷாப், அது எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பார். நர்ஸ் புத்தி, போகாது.

பெரிய மனிதர்கள் வாழ்கிற அகலமான தெரு பாதுகாப்பு என்று உன் தோழி சொன்னாளாம். உயர்ந்த காம்பவுண்டு, உள்ளே இரண்டு கார், நாய். நீ வெளியே நின்று கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? சின்னச் சின்ன வீடுகள், வாசலில் கோலம், தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற பாட்டி. அப்படிப்பட்ட பழைய தெருக்கள் கோட்டூரிலும் உண்டு, சைதாப்பேட்டையிலும் உண்டு, தரமணியிலும் உண்டு. இந்த ஏரியா நல்லது, அந்த ஏரியா மோசம் என்று பேர் சொல்ல மாட்டேன். ஒரே ஏரியாவில் ஒரு தெரு விட்டு அடுத்த தெருவில் கதை மாறிவிடும்.

சென்னையில் இன்னொரு பயம் தண்ணீர். நம் ஊரில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. மணலைப் பார்த்தே வெள்ளம் எங்கே வரை ஏறும் என்று சொல்லிவிடுவோம். அங்கே ஆறு கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்தபோது அடையாற்று ஓரம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. "2015இல் இங்கே எதுவரைக்கும் தண்ணி வந்தது?" என்று கேள். "வரவே இல்லை" என்று ஓனர் சொன்னால், காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடு தெரிகிறதா, பழைய வாசல்படியைப் புதிதாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, மீட்டர் பெட்டியை மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா என்று பார். தரைத்தளம் வேண்டாம். மொட்டை மாடியை ஒட்டின அறையும் வேண்டாம், பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வரலாம். முதல் மாடி எடு.

உள்ளே போனதும் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா, பாத்ரூம் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, டூப்ளிகேட் சாவி யாரிடம் இருக்கிறது. குடிபோன அன்றே சொந்தமாக ஒரு பூட்டு வாங்கிக்கொள். மீட்டர் உங்களுக்குத் தனியா, பொதுவா என்பதையும் கேட்டுவிடு.

சட்டமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றித் தமிழ்நாட்டில் 2017இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2019இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி உங்களைத் துரத்தக் கூடாது. நினைத்த நேரத்தில் ஓனர் உள்ளே வரவும் முடியாது, ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, நீ சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசு. பி.ஜி. என்றால் பெண்கள் விடுதிகளுக்கு 2014இல் வந்த சட்டம் இருக்கிறது. கலெக்டர் கொடுத்த லைசென்ஸைக் காட்டச் சொல். காட்டத் தயங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

இதை எழுதும்போது ஒரு ஞாபகம். உத்திரமேரூருக்கு உன்னைக் கூட்டிப்போய்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டினேனே, 919, 921ஆம் வருஷத்துப் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. ஓலையில் பேர் எழுத வேண்டுமானால் சொந்த மனையில் வீடு கட்டி இருப்பவனாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு அன்றைக்கே குடத்தில் இடமில்லை! எழுதி வாங்கு என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நம் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரிலும் ஒன்று இருக்கிறது, அது இன்னும் உனக்கு நெருக்கமானது. வீரராசேந்திர சோழன் காலம், 1069 வாக்கில் வெட்டினது. வேதமும் இலக்கணமும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இங்கே விடுதி நடந்திருக்கிறது. சாப்பாடு, படுக்கப் பாய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய், எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே வீரசோழன் என்று ஒரு மருத்துவமனை, பதினைந்து படுக்கை, வைத்தியர் ஒருவர், அறுவைக்கு ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். அங்கேயும் ராத்திரி எரிய விளக்கு. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இதை ஒழுங்காகப் படித்தேன், என் உத்தியோகம் என் ஊர்ச் சுவரிலேயே இருப்பதைப் பார்த்துக் கண் கலங்கியது. படித்த பிள்ளைகளில் ஒரு பெண் கிடையாது, நம் ஆட்களும் கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் வெளியூரிலிருந்து படிக்க வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவன் விளக்கையும் வைத்தியரையும் மறக்கவில்லை. நீ வீடு பார்க்கும்போது அந்த இரண்டையும் மறக்காதே.

நம் ஆட்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்பார்கள். நேராகக் கேட்காதவர்கள் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பார்கள். பொய் சொல்லி அந்த வீட்டுக்குள் போகாதே. வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். சாதி பார்த்துக் கதவு திறக்கிறவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உனக்கு ஜுரம் என்றால் திறப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று, உன் அப்பாவுக்குப் பிடிக்காது. எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிற விடுதியை அவன் தேடுவான். உனக்கு லேப் ஒன்பது மணி வரை இருக்கும். அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே உட்கார்ந்தாலும் நேரமாகும். பத்து நிமிஷம் பிந்தினால் பூட்டின கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிற்கப்போவது நீதான். எத்தனை மணிக்கு வந்தாலும் திறந்துவிட்டு, ஏன் லேட் என்று மறுநாள் காலையில் கேட்கிற இடம் போதும்.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் ஓடுகிற ரூட்டாகப் பார்த்துக்கொள். காசு மிச்சம் ஒரு பக்கம், அந்த ஸ்டாப்பில் எப்போதும் நாலு பெண்கள் நிற்பார்கள். 112ஐயும் 181ஐயும் போனில் பதிந்து வை, காவல் உதவி செயலியையும் போட்டுக்கொள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவரின் நம்பர் எனக்கு வேண்டும், என் நம்பரை அவரிடம் கொடு. நீங்கள் மூன்று பேரும் தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கொருவர் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாளிலும்.

நீ பார்த்து வைத்திருக்கிற மூன்று வீட்டுக்கும் இன்னும் பணம் கொடுக்காதே. "இன்னொரு பார்ட்டி வந்துடுவாங்க" என்று அவசரப்படுத்தினால் வந்துவிட்டுப் போகட்டும். வருகிற சனிக்கிழமை திருமால்பூர் வண்டியில் ஏறிக் கிண்டிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. இஸ்திரிக்கு இரண்டு துணி எடுத்து வை. ராத்திரிக்கு இட்லி நான் கட்டிக்கொண்டு வருகிறேன், ஒன்பது மணிக்கு மூன்று தெருவையும் நடந்து பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிடலாம்.

அன்புடன்,
அத்தை