லயத்து வீட்டில் அடுத்த அறை எது?

2021இல் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, ஊவாவின் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக மூன்று கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழி நடந்து பாறை உச்சியில் போய் உட்கார்ந்தார்கள். லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் 10 மீட்டர் உயர மரவீட்டில் ஏறிப் பாடம் இறக்கினார்கள். அந்தக் காலம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நம்பிக்கையை விட்டுப் போயிருக்கிறது: "போன் மட்டும் இருந்திருந்தா எங்க புள்ள தேறியிருக்கும்."

பாதிதான் உண்மை. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் கூடினால் 40 வீதத்தினரே இணையவழி வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டதே அந்த வருடம்தான். வீட்டுக்கு ஒரு போன் வாங்குவது பெரும்பாடு. ஆனால் போன் இருந்த வீட்டுக்கும் பெரும்பாலும் வந்தது வட்ஸ்அப்பில் குறிப்புப் படங்கள். அதைக் கொப்பியில் பார்த்தெழுதியது படிப்பாகுமா? பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று முகம் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆசிரியர் அந்தத் திரையில் இல்லை.

போன் கதிர் மூளையைக் கெடுக்கும் என்ற பயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்வித்த 2024ஆம் ஆண்டு மீளாய்வில், கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. கதிரைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் பிள்ளையின் தூக்கத்தைக் கவனிக்கலாம்.

பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்பது இது: "ஸ்கூலுக்குத்தான் போன் கொண்டுபோறதில்லையே சேர், அப்புறம் எப்படிப் படிப்பு கெடும்?" எனக்கு இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கையாகப் படுகிறது. இங்கிலாந்தில் 30 பாடசாலைகளின் 1,227 மாணவரை ஆராய்ந்து பர்மிங்காம் பல்கலைக்கழகம் 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பாடசாலையில் போனைத் தடுத்ததால் பிள்ளைகளின் மொத்தப் பாவனை குறைந்ததற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதிக நேரம் போனில் கிடந்த பிள்ளைகளிடம் தூக்கக் குறைவும் வகுப்பில் குழப்படியும் கூடுதலாக இருந்தன. கேற்றில் நிறுத்திய போன், கொட்டாவியாக உள்ளே வந்துவிடுகிறது. பகலில் கேட்ட பாடம் நினைவில் ஊறுவதே இரவுத் தூக்கத்தில்தானே.

"பக்கத்துல சும்மாதான் கெடக்குது, பார்க்கல" என்பதும் சமாதானம் ஆகாது. 1,25,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய 20 ஆய்வுகளை 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் போன் போன்ற கருவியை வைத்திருந்தவர்களுக்கு, அதைத் தொடாவிட்டாலும் தூக்கம் குறைவாக இருந்தது. 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவரிடம் போனை மேசையில், பையில், அடுத்த அறையில் என்று வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். அடுத்த அறையில் விட்டு வந்தவர்களே நினைவு, சிந்தனைச் சோதனைகளில் முன்னே நின்றார்கள். பின்னால் அதே சோதனையைச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு இடறுவது அந்த "அடுத்த அறை". லயத்தில் இருப்பது 10க்கு 12 அடியில் ஒரே காம்பரா. அப்பா பாட்டுக் கேட்பதும் தங்கச்சி கார்ட்டூன் பார்ப்பதும் ஓ.எல். எழுதப்போகிற பிள்ளை கணக்குப் போடுவதும் அதற்குள்தான். "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்வதையும் தவறான நம்பிக்கைகளில்தான் சேர்ப்பேன். கட்டுப்பாட்டுக்கு முதலில் ஒரு சுவர் வேண்டாமா?

சுவர் இல்லாவிட்டாலும் அடுப்படி இருக்கிறது. ராத்திரி போனை அங்கே சார்ஜில் போடலாமே என்றால், "விடிய பெரட்டுக்குப் போக அலாரம் வேணுமே" என்பார்கள். அடுப்படியில் அடித்தாலும் கேட்கும். எழுந்ததும் அம்மா முதலில் போவதும் அங்கேதான்.